சிரிச்சுக்கிட்டே இருக்கவனுக்கு என்ன நோவுன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி கேட்டிருந்தத சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். வயசு 36, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைல சேல்ஸ், வீடு வில்லாபுரம், சம்சாரம், ரெண்டு பிள்ளைக. கடைல எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஆளே இவருதானாம். ராத்திரி கடை அடைச்சு வண்டில வர்றப்ப தெற்குவாசல் பாலத்துல ஓரமா நிப்பாட்டி அஞ்சு நிமிஷம் அழுதுட்டு, மூஞ்சிய தொடச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறாரு. மூணு மாசமா இப்பிடித்தான். நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குன்னு ரெண்டு தடவ ஈசிஜி எடுத்தாச்சு, நார்மல்னு சொல்லி கேஸ் மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. விடியக்காலம் 3 மணிக்கு முழிப்பு வந்துருது. "கொஞ்சம் கடன் இருக்கு, அது வேற விஷயம்"னு நடுவுல ஒரு வரி. கடைசியா கேள்வி என்னன்னா, வீட்டுல யாருக்கும் தெரியாம நானே சரி பண்ணிக்க வழி இருக்கா, வெளிய தெரிஞ்சா கிறுக்கன்னு சொல்லிருவாய்ங்கக்கா.

நான் மதுரைல 18 வருஷமா மனநல ஆலோசகரா வேலை பாக்குறேன். டாக்டர் கெடையாது, மாத்திரை எழுத மாட்டேன், அத மொதல்லயே சொல்லிர்றேன்.

மத்ததெல்லாம் அப்புறம், மொத கேள்வி இதுதான். பாலத்துல நிக்கிறப்ப, இல்ல அந்த 3 மணி முழிப்புல, செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா? இப்பிடி நேரா கேட்டா இல்லாத நெனப்ப நாமளே உண்டாக்கிருவோம்னு நெறைய பேரு பயப்படுறாங்க, அப்பிடி இல்ல, கேட்டா பாரம் கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். வருதுன்னா இத மேல படிக்காதீங்க, 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு பேரு, 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, காசு கெடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். தமிழ்நாடு அரசோட 104 ஹெல்ப்லைன்லயும் பேசலாம். ரொம்ப நெருக்குதுன்னா மதுரை ராஜாஜி அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சி ராத்திரியெல்லாம் தெறந்துதான் இருக்கு, போயிருங்க, தனியா போகாதீங்க. வீட்டுல பூச்சிமருந்து, மிச்சம் மீதி மாத்திரைன்னு எதாவது கெடந்தா இன்னைக்கே அத வேற ஒருத்தர் கைக்கு மாத்திருங்க, உசிலம்பட்டி, மேலூர் பக்கம் தோட்டந்தொரவு வச்சிருக்கவுக இத கண்டிப்பா செய்யணும், ஏன்னா அந்த நெனப்பு பலபேருக்கு அலை மாதிரி வந்து கொஞ்ச நேரத்துல எறங்கிரும், அந்த நேரத்துல கையெட்டுற தூரத்துல எதுவும் இல்லாம இருந்தாலே உசுரு தப்பிச்சிரும். போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து வெளிய சொல்லாதவங்களும் இருக்காங்க. 2017 மனநல பராமரிப்பு சட்டம் வந்தப்பவே, முயற்சி பண்ணவரு கடுமையான மன அழுத்தத்துல இருந்தாருன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, 2024 ஜூலைல வந்த புது தண்டனைச் சட்டத்துல, தற்கொலைக்கு முயற்சி பண்ணா தண்டனைன்னு இருந்த அந்தப் பழைய 309வது பிரிவே இல்ல.

சரி, அப்பிடி நெனப்பெல்லாம் இல்ல, அழுகையும் தூக்கமில்லாததும்தான்னா மேல பேசலாம்.

நீங்க ஈசிஜி எடுத்தது நல்ல காரியம். நெஞ்சு அழுத்தம்னா மொதல்ல ஹார்ட்டத்தான் பாக்கணும். ஆனா அது நார்மல்னு வந்ததோட "ஒங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பி விட்டாங்க பாருங்க, அங்கதான் வில்லங்கம். ஒண்ணுமில்லாம இல்ல. நம்ம பக்கத்து ஆம்பளைக "மனசு சரியில்ல"ன்னு சொல்லிக்கிட்டு வந்து நான் பாத்ததே கம்மி. நெஞ்சு படபடங்குது, தல பாரமா இருக்கு, மேலெல்லாம் எரியுது, கேஸ் ஏறுதுன்னுதான் வருவாங்க. இல்லாட்டி வீட்டுல எதுக்கெடுத்தாலும் வள்ளுனு விழுவாங்க, சாயங்காலம் ஆனா டாஸ்மாக்ல நிப்பாங்க. வாய் சொல்லாதத ஒடம்பு சொல்லுது, அம்புட்டுத்தான். இதுல இன்னொன்னும் இருக்கு, தைராய்டு கொறைஞ்சாலோ, ரத்தம் கொறைஞ்சாலோ, பி12 கம்மியா இருந்தாலோ, சுகர் இருந்தாலோ கூட இதே அசதி, இதே சோர்வு வரும். அதனால ரத்த டெஸ்ட் ஒண்ணு எடுத்துருங்க. நான் பாத்த ஒரு அம்மா, ரெண்டு வருஷமா வாழ்க்கையே பிடிக்கலன்னு இருந்தவுக, தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல முக்காவாசி தெளிஞ்சுட்டாக.

இப்ப நீங்க எழுதுனதுல என்னைய ரொம்ப நேரம் யோசிக்க வச்சது அந்த சிரிப்புதான். காலைல கடை தெறந்து ராத்திரி அடைக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டே, 40 சேலைய விரிச்சுக் காட்டி "வேணாம்"னு எந்திரிச்சுப் போற கஸ்டமரையும் பாத்து சிரிச்சு "அடுத்த தடவ வாங்கக்கா"ன்னு சொல்றது இருக்கே, அது வேலை. துணி மடிக்கிற மாதிரி, மூட்டை தூக்குற மாதிரி அதுவும் ஒரு வேலை, அதுலயும் தெம்பு செலவாகுது. ஆர்லி ஹாக்ஸ்சைல்டுன்னு ஒரு அமெரிக்க சமூகவியல் அம்மா விமானப் பணிப்பெண்கள வச்சு இத ஆராய்ச்சி பண்ணி 1983லயே எழுதியிருக்காங்க, சம்பளத்துக்கு சிரிக்கிறதும் உழைப்புதான்னு. நீங்க அந்த வேலைய 11 மணி நேரம் பாத்துட்டு வீட்டுக்குப் போயி அங்கயும் "நல்லாத்தான் இருக்கேன்"னு ஓவர்டைம் பாக்குறீங்க. ஒங்களுக்கு லீவுங்கிறது அந்தப் பாலத்துல நிக்கிற அஞ்சு நிமிஷம் மட்டும்தான். அப்ப அழுகை வராம என்ன செய்யும்? (இத சொல்றப்பவே இன்னொன்னும் ஞாபகம் வருது, கடைல நிக்கிற ஆளுகளுக்கு உக்கார சீட் போடணும்னு தமிழ்நாட்டுல 2021லயே சட்டத்த திருத்தியாச்சு. ஒங்க கடைல போட்டிருக்காங்களான்னு தெரியல. காலு வலிக்கும் மனசுக்கும் சம்பந்தம் இல்லன்னு நெனைக்காதீங்க.)

அதனால தன்னைய கவனிச்சுக்கிறதுன்னா புதுசா பத்து வேலைய தலைல ஏத்திக்கிறதில்ல. யோகா, ஜிம்மு, காலைல எந்திரிச்சு கண்ணாடி பாத்து நாலு நல்ல வார்த்தைன்னு ஒரு பெரிய பட்டியல போட்டுக்கிட்டு மூணாவது நாள் முடியாமப் போயி "இதுக்கும் நான் லாயக்கில்ல"ன்னு இன்னும் கீழ போறவங்கள நெறைய பாத்துட்டேன். இருக்க பாரத்துல எத எறக்கி வைக்கலாம்னு பாக்கணும். மொதல்ல எறக்க வேண்டியது அந்த ஓவர்டைம் நடிப்பத்தான். எல்லார்கிட்டயும் இல்ல, ஒரே ஒரு ஆள்கிட்ட.

யாரு அந்த ஆளு? நீங்க சம்சாரத்துக்கு தெரியக் கூடாதுங்குறீங்க. தம்பி, மூணு மாசமா 3 மணிக்கு எந்திரிச்சு உக்காந்திருக்க புருஷன அவுகளுக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க. என்னன்னு தெரியாததால வேற எதையாவது நெனச்சு அவுகளும் ஒரு பக்கம் உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருப்பாக. என்கிட்ட வந்த முக்காவாசி வீட்டுல இதே கததான், கடைசில சொன்னப்ப "இதுதானா, நான் வேற பொம்பள சவகாசமோன்னு பயந்துட்டேன்"னு ஒரு அம்மா சிரிச்சே புட்டாக. எல்லா வீடும் அப்பிடி இருக்காதுன்னும் தெரியும். சம்சாரம் சரிப்பட்டு வராதுன்னா அக்காவோ, மச்சானோ, பழைய கூட்டாளியோ, யாரு கேட்டத வெளிய சொல்லாம வச்சிருப்பாகளோ அவுக. சொந்தக்காரங்க வாட்சப் குரூப்ல மட்டும் போட்றாதீங்க, விடியிறதுக்குள்ள அலங்காநல்லூர் வரைக்கும் சேதி போயிரும்.

எப்பிடி சொல்றதுன்னுதான் எல்லாரும் முழிக்கிறாங்க. மூஞ்சியப் பாத்து சொல்ல முடியலன்னா வண்டில போகும்போது சொல்லுங்க, இல்ல ராத்திரி வெளக்க அணைச்சதுக்கப்பறம் சொல்லுங்க. "எனக்கு மூணு மாசமா மனசு சரியில்ல. அழுகையா வருது. நீ ஒண்ணும் சரி பண்ண வேணாம், புத்தி சொல்ல வேணாம், பத்து நிமிஷம் கேளு போதும்." இம்புட்டுத்தான். அந்த "புத்தி சொல்ல வேணாம்"ங்கிறத விட்றாதீங்க, ஏன்னா நம்ம ஆளுக பாசத்துல ஒடனே "இதுக்கெல்லாமா கலங்குவாக, அடுத்த வீட்டுக்காரனப் பாரு"ன்னு ஆரம்பிச்சிருவாக, பாசந்தான், ஆனா அதோட நாம வாய மூடிருவோம்.

கயிறு கட்டலாம், பாண்டி கோயில் போலாம், மந்திரிச்சு விடலாம்னு சொன்னாங்கன்னா சண்டை போடாதீங்க. போயிட்டு வாங்க. அழகர் கோயில் மலைல நடந்து ஏறிட்டு வந்தா மனசு லேசாகத்தான் செய்யும், எனக்கே ஆகும். கோயிலுக்கும் போங்க, டாக்டர்கிட்டயும் போங்க, ஒண்ணுக்காக இன்னொன்ன விட்றாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். "ஏர்வாடில கொண்டு போயி விட்ருவாய்ங்க"ன்னு நம்ம பக்கம் விளையாட்டா சொல்றதுக்குப் பின்னாடி ஒரு பயம் இருக்கு. 2001 ஆகஸ்ட் 6ந் தேதி ஏர்வாடில ஒரு மனநோயாளிக காப்பகத்துல சங்கிலில கட்டிப்போட்டிருந்த 28 பேரு தீயில ஓட முடியாம செத்தாங்க. அதுக்கப்பறம் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டுச்சு. இன்னைக்கு சட்டப்படி யாரையும் சங்கிலில கட்ட முடியாது. அழுகை வருது தூக்கம் வரலன்னு போற ஆள யாரும் அடைச்சும் வைக்கிறதில்ல, சீட்டு போட்டு, பேசி, மாத்திரை வாங்கிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துருவீங்க.

நீங்களா செய்யக் கூடியதுல எனக்கு நம்பிக்கை உள்ளத மட்டும் சொல்றேன். மொதல்ல நடக்குறது. மனசு நல்லானா நடப்போம்னு காத்திருக்கக் கூடாது, இது தலைகீழா வேலை செய்யும், கால் நகந்தா மனசு பின்னாடி வரும். பிடிச்ச வேலைய, செய்ய வேண்டிய வேலைய, மனசு வராட்டியும் நேரம் குறிச்சு கொஞ்சம் கொஞ்சமா செய்யிறதுதான் இதுல அடிப்படை. கோவால இத வச்சே ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, டாக்டரே இல்லாத சாதாரண ஆளுகளுக்கு பயிற்சி குடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவங்களோட ஆறேழு தடவ உக்காந்து இந்த மாதிரி வேலைகள திட்டம் போட்டு செய்ய வச்சு, நல்லா பலன் தெரிஞ்சதுன்னு 2017ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஒங்க வீட்டுலருந்து வண்டியூர் தெப்பக்குளம் வண்டில கொஞ்ச நேரந்தான். தெப்பக்குளத்த ஒரு சுத்து சுத்துனா ஒண்ணேகால் கிலோமீட்டர் கிட்ட வரும். மொத வாரம் ஒரு சுத்து போதும். வெள்ளனா போங்க, வெயில் மூஞ்சில படட்டும், அது ராத்திரி தூக்கத்துக்கும் ஒதவும். சுத்தி முடிச்சு அந்தப் படில அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு வாங்க, போன எடுக்காம.

அடுத்தது தூக்கம். நம்ம ஊருக்கு தூங்கா நகரம்னு பேரு, ராத்திரி 1 மணிக்கும் இட்லி கெடைக்கும், நமக்கு அது பெருமைதான், ஆனா கடை ஆளுக பாதிப்பேருக்கு தூக்கம் கெட்டதே இதுலதான். நீங்க எத்தன டீ குடிக்கிறீங்கன்னு எழுதல, ஜவுளிக்கடைன்னா நாலஞ்சு உறுதி. ஒரு டீயோட காஃபீன்ல பாதி ஒடம்ப விட்டுப் போகவே அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும், அப்ப ராத்திரி 7 மணி டீ 12 மணிக்கும் உள்ளுக்குள்ள வேலை பாத்துக்கிட்டு இருக்கும். மத்தியானம் 3 மணியோட நிப்பாட்டிப் பாருங்க. 3 மணிக்கு முழிப்பு வந்தா படுத்துக்கிட்டே பொரளாதீங்க, எந்திரிச்சு வேற எடத்துல உக்காருங்க, தூக்கம் சொக்குனா வந்து படுங்க. எத்தன மணிக்குப் படுத்தாலும் எந்திரிக்கிற நேரம் ஒண்ணாவே இருக்கட்டும். தண்ணி அடிச்சா தூக்கம் வருதேம்பாங்க, வரும், அப்பறம் சரியா அந்த 3 மணிக்கே எழுப்பியும் விட்ரும். நீங்க குடிக்கிறீங்களான்னு எழுதல, நானும் கேக்கல. மெடிக்கல்ல போயி "தூக்கத்துக்கு எதாவது குடுண்ணே"ன்னு கேட்டு வாங்கிப் போட்டுறாதீங்க, அல்பிரசோலம் மாதிரி மாத்திரைக டாக்டர் சொல்லாம போட்டா அப்பறம் அது இல்லாம இருக்க முடியாது.

நெஞ்சு இறுகுறப்ப மூச்ச நாலு எண்ணிக்கைக்கு உள்ள இழுத்து ஆறோ எட்டோ எண்ணி பைய விடுங்க. வெளிய விடுறது நீளமா இருக்கணும், அப்பதான் படபடப்பு கொறையும். ட்ரையல் ரூம் பக்கத்துல நின்னுக்கிட்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

எழுதுறதும் ஒண்ணு. ஜேம்ஸ் பென்னிபேக்கருங்கிற உளவியல் ஆளு 1986ல காலேஜ் பசங்கள நாலு நாளு, நாளுக்கு 15 நிமிஷம் மனசுல உள்ளத கொட்டி எழுத வச்சாரு, அப்பறம் அந்தப் பசங்க ஆஸ்பத்திரி பக்கம் போறது கொறைஞ்சுச்சுன்னு பாத்தாரு. நீங்க டைரியெல்லாம் வாங்க வேணாம், பழைய பில் புக் பின்னாடி எழுதுங்க, எழுத்துப் பிழைய பாக்காதீங்க, எழுதிட்டு கிழிச்சுப் போட்டாலும் சரிதான். எழுதி முடிச்சதும் கொஞ்ச நேரம் கனமா இருக்கும், அதனால படுக்கப் போறப்ப மட்டும் எழுதாதீங்க.

அந்தக் கடன். "அது வேற விஷயம்"னு எழுதியிருந்தீங்க. அது வேற விஷயம் இல்ல தம்பி. தெனமும் காலைல வட்டிக்காரன் போன் வருதுன்னா மூச்சுப் பயிற்சி என்ன செய்யும்? நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல இத புரிஞ்சுக்காம ஒரு ஆளுக்கு ஆறு வாரம் ரிலாக்ஸ் பண்ணச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன், ஏழாவது வாரம் அவரு "அக்கா, மீட்டர் வட்டிக்கா"ன்னாரு, எனக்கு வெக்கமாப் போச்சு. எவ்வளவு, யாருக்கு, என்ன வட்டின்னு ஒரு தாள்ல எழுதுங்க, தலைக்குள்ள சுத்துற கடன் தாள்ல உள்ள கடன விட எப்பவும் பெருசாத்தான் தெரியும். கந்துவட்டின்னா அதுக்குன்னே தமிழ்நாட்டுல 2003லருந்து சட்டம் இருக்கு, திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு குடுக்கலாம், மாவட்ட கோர்ட்ல இருக்க சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல யோசன கேக்க காசு கெடையாது.

இதெல்லாம் செஞ்சா போதுமா, டாக்டர் வேணாமாங்கிறதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. கடந்த ரெண்டு வாரத்த நெனச்சுக்கோங்க. எதுலயும் நாட்டம் இல்லாம இருக்குறது, மனசு சோர்ந்து கெடக்குறது, தூக்கக் கோளாறு, அசதி, பசி கொறையிறது இல்ல கூடுறது, நான் எதுக்கும் ஒதவாதவன்னு நெனப்பு, ஒரு வேலைல கவனம் நிக்காதது, ஆளே மந்தமாகுறது இல்ல இருப்புக் கொள்ளாம அலையிறது, சாவப் பத்தின நெனப்பு, மொத்தம் ஒம்போது. ஒவ்வொண்ணுக்கும் இல்லவே இல்லன்னா 0, சில நாள் இருந்தா 1, பாதி நாளுக்கு மேலன்னா 2, கிட்டத்தட்ட தெனமும்னா 3. கூட்டிப் பாத்து 10ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டர பாக்கணும். கடைசி கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் மொத்தத்த பாக்காதீங்க, ஒடனே போங்க. ஒலகம் பூரா டாக்டர்க பயன்படுத்துற கேள்வித்தாள்தான் இது, நான் சொந்தமா கட்டுனதில்ல. நீங்க எழுதுனத வச்சு நானா கூட்டுனா 10 தாண்டிரும்னுதான் தோணுது.

கிறுக்குன்னு சொல்லுவாய்ங்கன்னு நீங்க பயப்படுற விஷயம் எனக்கும் தெரியும், வெளிய நின்னு சொல்லல. எங்க அப்பா எறந்தப்ப ஏழு மாசம் நானும் இதே மாதிரித்தான் இருந்தேன். காலைல அடுத்தவங்களுக்கு ஆலோசன, சாயங்காலம் குளியலறைல கொழாய தெறந்து விட்டுட்டு அழுகை. ஊருக்கே சொல்றவ நாம போயி எப்பிடி சொல்றதுன்னு ஏழு மாசத்த வீணாக்குனேன். கடைசில கூட வேலை பாக்குற டாக்டரம்மாதான் "நீ இளைச்சுப் போயிட்ட, ரூமுக்கு வா"ன்னு கூப்ட்டாங்க. ஒம்போது மாசம் மாத்திரை சாப்ட்டேன், அப்பறம் அவங்க சொன்னபடி கொறைச்சு நிப்பாட்டுனேன், இன்னைக்கு வரைக்கும் திரும்பத் தேவைப்படல, தேவைப்பட்டா சாப்டுவேன்.

மாத்திரைன்னதும் பயப்படுவீங்க, அதனால ரெண்டு வார்த்தை. மனச்சோர்வுக்குக் குடுக்குற எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் மாதிரி மாத்திரைக பழக்கமாகி அடிமையாக்குற வகை இல்ல. வேலை செய்ய ரெண்டுலருந்து நாலு வாரம் ஆகும், ஆனா மொத வாரத்துலயே கொமட்டல், தலவலி வரலாம், நல்லது பின்னாடியும் கெட்டது முன்னாடியும் வர்றதால நெறைய பேரு பத்தாவது நாளே விட்டுட்டு "எனக்கு கேக்கல"ம்பாங்க. நல்லாயிருச்சுன்னு தோணுனதும் பொசுக்குனு நிப்பாட்டவும் கூடாது, அப்பறமும் ஆறேழு மாசமாவது போடச் சொல்லுவாங்க.

எங்க போறதுன்னா ராஜாஜி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, காசு கெடையாது. ஊர்ப்பக்கம் உள்ளவுக தாலுகா ஆஸ்பத்திரில மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கெழம வர்றாருன்னு கேட்டுக்கோங்க. செல்லமுத்து அறக்கட்டளை 1992லருந்து மதுரைல இதே வேலையா இருக்காங்க. நீங்க சொல்றத வெளிய விடக் கூடாதுன்னு 2017 சட்டத்துலயே இருக்கு, ஒங்க மொதலாளி வந்து கேட்டாலும் சொல்ல மாட்டாங்க.

அடுத்த லீவு நாளுல போங்க, ஆனா வெள்ளனா போயிருங்க, ஓபி சீட்டு காலைலதான் குடுப்பாங்க, லைன் பெருசா இருக்கும். அந்த ரெண்டு ஈசிஜியையும் கைல எடுத்துக்கோங்க, இல்லாட்டி மூணாவது தடவையும் எடுக்கச் சொல்லுவாங்க. டாக்டர் முன்னாடி உக்காந்ததும் என்ன சொல்றதுன்னு தெரியலன்னா, எனக்கு எழுதுனீங்கல்ல, அந்தப் பாலத்துக் கதைய அப்பிடியே போன்ல காட்டுங்க, போதும்.